‘எல்.கே.ஜி. பீஸ் எவ்வளவு?’ ஏரல் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி அது மட்டும் இல்லை!

“பிள்ளைய எந்த ஸ்கூல்ல சேக்கப் போறிய அண்ணாச்சி?”

மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில், மார்ச் பிறந்துவிட்டால் இந்தக் கேள்வியில் இருந்து தப்ப முடியாது. ஏரல் கடைவீதியில் கேட்பார்கள், கல்யாண வீட்டில் கேட்பார்கள், ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பிலும் கேட்பார்கள். அடுத்த கேள்வியும் ரெடியாக இருக்கும்: “அங்க பீஸ் எவ்வளவாம்?”

பதில் எப்போதும் ஒரே ஒரு நம்பர். “முப்பதாயிரமாம்.” “இங்க இருபத்தஞ்சுதானாம்லா.” அந்த ஒற்றை நம்பரை வைத்து 14 வருடத்துக்கான முடிவை எடுத்துவிடுகிறோம். பைக் வாங்கும்போதுகூட ‘ஆன்-ரோடு எவ்வளவு?’ என்று கேட்கிற நாம், பள்ளி விஷயத்தில் ஷோரூம் விலையோடு நின்றுவிடுகிறோம்.

பள்ளிக்கும் ஒரு ஆன்-ரோடு விலை உண்டு. அதை எழுத்தில் தர வேண்டியது பள்ளியின் பொறுப்பு. தர வைக்க வேண்டியது அரசின் பொறுப்பு. ஏன் என்று பார்க்கலாம்.

ஏரலில் இருந்து பார்த்தால் என்னென்ன ஆப்ஷன்?

தாமிரபரணிக் கரையில், கொற்கைக்குப் பக்கத்தில் இருக்கும் பேரூராட்சி ஏரல். சுற்றியுள்ள கிராமங்களுக்கு இதுதான் கடைவீதி. இங்கிருந்து பள்ளி தேடும் பெற்றோர் முன்னால் பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, அரசுப் பள்ளி. இரண்டு, அரசு உதவி பெறும் பள்ளி. நிர்வாகம் தனியார்; ஆசிரியர் சம்பளம் அரசு. மூன்று, நர்சரி மற்றும் மெட்ரிகுலேஷன் பள்ளிகள். இவை சுயநிதி, பெற்றோர் கட்டும் பணத்தில் ஓடுபவை. நான்கு, சி.பி.எஸ்.இ. பள்ளிகள். இதற்காக தூத்துக்குடி, திருச்செந்தூர் பக்கம் வேன் ஏற்றி அனுப்பவும் பல பெற்றோர் தயாராக இருக்கிறார்கள்.

இதில் அதிகம் பேர் மறந்துபோகும் ஒரு விஷயம் உண்டு. மெட்ரிக் பள்ளியிலும் அரசுப் பள்ளியிலும் பாடத்திட்டம் ஒன்றுதான். 2010-ல் வந்த சமச்சீர் கல்விச் சட்டமும், 2011 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் சேர்ந்து, 10-ம் வகுப்பு வரை இருந்த மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல், ஸ்டேட் போர்டு என்ற நான்கு பிரிவுகளையும் ஒன்றாக்கிவிட்டன. 10-ம் வகுப்பில் எழுதும் பொதுத்தேர்வும் ஒன்றே.

அப்படியானால் மெட்ரிக் பள்ளிக்கு எதற்காகப் பணம் கட்டுகிறோம்? ஆங்கில வழிக்காக, மூன்றரை வயதிலேயே எல்.கே.ஜி. கிடைப்பதற்காக, வகுப்புக்கு ஒரு டீச்சர் இருப்பார் என்ற நம்பிக்கைக்காக. இவை நியாயமான காரணங்கள். ஐந்து வகுப்புகளை இரண்டு ஆசிரியர்கள் சமாளிக்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. 2019-ல் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். மாநிலம் முழுவதற்கும் அது போதாது. எனவே தனியார் பள்ளியைத் தேடும் பெற்றோரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. ஆனால் கட்டும் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று தெரிந்து கட்ட வேண்டும், இல்லையா?

ஆன்-ரோடு விலை: ஒரு சாம்பிள் கணக்கு

இது எந்தப் பள்ளியின் கட்டணமும் கிடையாது. கணக்குப் புரிவதற்காக நாமே வைத்துக்கொள்ளும் தொகைகள்.

கல்விக் கட்டணம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வேனுக்கு மாதம் 1,200 வீதம் 10 மாதத்துக்கு 12,000. புத்தகம், நோட்டு 6,000. சீருடை, ஷூ, பேக் 5,000. ஸ்மார்ட் கிளாஸ், ஆண்டு விழா வகையறா 4,000. மொத்தம் 57,000. ‘முப்பதாயிரமாம்’ என்று கேள்விப்பட்டுப் போனவர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கட்டுகிறார்.

இது முதல் வருடம் மட்டும். இந்தத் தொகை ஆண்டுக்கு 5% கூடினால், எல்.கே.ஜி. முதல் பிளஸ் 2 வரை 14 வருடத்தில் சுமார் 11.2 லட்சம். 10% கூடினால் சுமார் 15.9 லட்சம். அப்போது பிளஸ் 2 படிக்கும் ஒரு வருடத்துக்கு மட்டும் கிட்டத்தட்ட 1.97 லட்சம் ஆகும். முதல் நாள் மனதில் ஓடிய கணக்கு என்ன? 30,000 × 14 = 4.2 லட்சம். இரண்டு பிள்ளைகள் என்றால் நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

சம்பளக்காரர்களுக்கு இன்னொரு விஷயம். கல்விக் கட்டணத்துக்கு வரிச்சலுகை உண்டு என்பது பழைய வரிமுறைக்கு மட்டும்தான். அதிலும் வேன், புத்தகம், நன்கொடை எதுவும் சேராது. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகையே இல்லை.

இந்த 57,000-ல் ஏரல் மாதிரி ஊரில் வேன் செலவை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. தூரத்துப் பள்ளி என்றால் பணத்தோடு குழந்தையின் நேரமும் சேர்ந்து போகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஏரல் கடைவீதியே தண்ணீருக்குள் போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆற்றைத் தாண்டிப் பிள்ளையை அனுப்புவதா என்பது இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு உண்மையான கேள்வி.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. ஆனால்...

தமிழ்நாடு பள்ளிகள் (கட்டணம் வசூலித்தலை முறைப்படுத்துதல்) சட்டம் 2009-ல் வந்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் கட்டணம் நிர்ணயிக்கும். பள்ளி இருக்கும் இடம், உள்கட்டமைப்பு, நிர்வாகச் செலவு, வளர்ச்சிக்குத் தேவையான நியாயமான உபரி ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்வார்கள். அந்தக் கட்டணம் மூன்று கல்வியாண்டுகளுக்குச் செல்லும். மீறினால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை என்று சட்டத்திலேயே இருக்கிறது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அட்மிஷனுக்குப் போகும் பெற்றோரில் எத்தனை பேர் ‘கட்டணக் குழு ஆர்டரைக் காட்டுங்க சார்’ என்று கேட்கிறோம்? கேட்டால் சீட் கிடைக்காதோ என்ற பயம். சின்ன ஊரில் பள்ளித் தாளாளர் தெரிந்தவராக, சொந்தக்காரராகக்கூட இருப்பார். பயத்தோடு கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் இதைப் பெற்றோரின் துணிச்சலை நம்பி விடக் கூடாது என்கிறேன். கேட்காமலே கண்ணில் படும்படி ஆர்டர் பள்ளி வாசலில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவு நன்கொடையையும், சேர்க்கைக்காகக் குழந்தைக்கோ பெற்றோருக்கோ வைக்கும் தேர்வையும் தடை செய்கிறது. நன்கொடை வாங்கினால் அதைப் போல 10 மடங்கு வரை அபராதம். அடுத்து, கட்டண பாக்கியைக் காரணம் காட்டி மாற்றுச் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது, அதில் பாக்கி விவரத்தை எழுதவும் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

25% இலவச இடம்: இந்தக் கடற்கரையில் ஏன் எட்டாக்கனி?

‘ஆர்.டி.இ.ல போட்டா ஃப்ரீயா கிடைக்கும்’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25% இடம் நலிந்த பிரிவினருக்கு. தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பள்ளி வீட்டில் இருந்து 1 கி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

சிக்கலே அங்குதான். சென்னையில் 1 கி.மீ.க்குள் நான்கு பள்ளி இருக்கலாம். ஏரலைச் சுற்றியுள்ள ஒரு வாழைத்தோட்டக் கிராமத்தில் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். அதோடு, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தூத்துக்குடிக் கடற்கரையில் கிறிஸ்தவ நிர்வாகப் பள்ளிகள் எத்தனை என்பது நமக்குத் தெரியும். ஆக, சட்டம் தரும் கதவு மற்ற ஊர்களைவிட இங்கே குறுகலானது.

அந்தக் கதவும் எப்போதும் திறந்திருக்கவில்லை. மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையிலான நிதிச் சண்டையில், 2025-26 சேர்க்கை வழக்கமான ஏப்ரல், மே மாதங்களில் நடக்கவே இல்லை. அக்டோபரில்தான் தொடங்கியது. அதற்குள் பள்ளி திறந்து நான்கு மாதம் ஆகிவிட்டது.

நாம் மறந்துபோன நடு வழி

முழுசாக இலவசம், முழுசாகக் கட்டணம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் உதவி பெறும் பள்ளியை இளம் பெற்றோர் பலர் லிஸ்ட்டிலேயே சேர்ப்பதில்லை. நம் மாவட்டத்துக்கு இது பெரிய இழப்பு. ஏனென்றால் இந்தப் பகுதி அப்படிப்பட்ட பள்ளிகளால் வளர்ந்தது. பக்கத்துச் சாயர்புரத்தில் 1840-களிலேயே ஜி.யு.போப் கல்விப் பணி செய்தார். நாசரேத்தில் மர்காஷிஸ் பெயரில் இன்றும் பள்ளி இருக்கிறது. நம் தாத்தா, பாட்டியில் பலர் இப்படிப்பட்ட பள்ளிகளில் படித்தவர்கள்தான்.

இப்போது உதவி பெறும் பள்ளிகளுக்குச் சலுகைகளும் கூடியிருக்கின்றன. காலை உணவுத் திட்டம் 2024-ல் ஊரக உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2025-ல் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தை, உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கியது 2024 டிசம்பர் 30 அன்று. விழா நடந்தது நம்ம தூத்துக்குடியில்!

ஒரு எச்சரிக்கை: உதவி பெறும் பள்ளி வளாகத்திலேயே ஆங்கில வழிக்கு சுயநிதிப் பிரிவு இருக்கலாம். அதற்குக் கட்டணம் உண்டு. எந்தப் பிரிவில் சேர்க்கிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மருத்துவப் படிப்பில் 7.5% உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. இது 6-ம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. உதவி பெறும் பள்ளிகளுக்கு இல்லை. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அதாவது, எல்.கே.ஜி.யில் எடுத்த முடிவை 14 வருடம் இழுக்க வேண்டியதில்லை. 5-ம் வகுப்பு முடியும்போது மறுபடியும் ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் எப்படி?

அங்கேயும் மூன்றில் ஒரு மாணவருக்கு மேல் அரசு சாராத பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். நம் உதவி பெறும் பள்ளிகள் போல, அரசு நிதி பெற்றுக் குறைந்த கட்டணத்தில் நடக்கும் கத்தோலிக்கப் பள்ளிகளும் அங்கு ஏராளம். ஆனால் ஒரு வித்தியாசம். ‘மை ஸ்கூல்’ என்ற இணையதளத்தை 2010-ல் தொடங்கினார்கள். ஒரு பள்ளிக்கு அரசிடம் இருந்து எவ்வளவு வந்தது, பெற்றோரிடம் இருந்து எவ்வளவு வந்தது, ஒரு மாணவருக்கு எவ்வளவு ஆகிறது என்பதெல்லாம் 2011 முதல் அதில் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்தே ஒரு பள்ளியை இன்னொரு பள்ளியோடு ஒப்பிடலாம்.

நம்மிடம் இதற்கான பாதிச் சாமான்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யுடைஸ் எண் உண்டு. அதை வைத்து ஆசிரியர் எண்ணிக்கை, வகுப்பறை, கழிப்பறை விவரங்களை இணையத்தில் பார்க்கலாம். கட்டணக் குழுவின் உத்தரவுகள் வேறொரு தளத்தில் வெளியாகின்றன. இரண்டையும் ஒரே பக்கத்தில் சேர்த்து, வேன் கட்டணத்தையும் புத்தகச் செலவையும் பள்ளிகளே பதிவிடும்படி செய்ய ராக்கெட் டெக்னாலஜி தேவையில்லை. தேவைப்படுவது ஒரு அரசாணை.

அதுவரை, அட்மிஷனுக்குப் போகும்போது கேளுங்கள்

1. கட்டணக் குழுவின் ஆர்டர் எந்த ஆண்டு வரை செல்லும்? ஒரு காப்பி கிடைக்குமா?
2. கல்விக் கட்டணம் தவிர, இந்த வருடம் வேறு என்னென்ன கட்ட வேண்டும்? எழுதித் தருவீர்களா?
3. கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பள்ளியின் பெயரில் ரசீது உண்டா?
4. மூன்று வருடத்துக்கு முன் இதே வகுப்புக்கு எவ்வளவு வாங்கினீர்கள்?
5. அங்கீகாரம் எந்தத் தேதி வரை இருக்கிறது?
6. என் பிள்ளையின் வகுப்பாசிரியர் எத்தனை வருடமாக இங்கே வேலை பார்க்கிறார்?

ஆறாவது கேள்விக்குக் கட்டணத்தோடு என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். நாம் கட்டும் பணம் கட்டடத்துக்குப் போகிறதா, ஆசிரியரின் சம்பளத்துக்குப் போகிறதா என்பதை வேறு எந்தக் கேள்வியும் இவ்வளவு சீக்கிரம் காட்டாது. டீச்சர் வருடா வருடம் மாறுகிற பள்ளியில் ஏ.சி. கிளாஸ்ரூம் இருந்து என்ன பயன்?

பதில் திருப்தியாக இல்லை என்றால், ரசீதோடு மாவட்டக் கல்வி அலுவலரிடம் (தனியார் பள்ளிகள்) புகார் தரலாம். தனியாகப் போகத் தயக்கமா? அதே வகுப்பில் இருக்கும் நாலைந்து பெற்றோராகச் சேர்ந்து போங்கள். அந்த வாட்ஸ்அப் குரூப் அதற்காவது உதவட்டும்.