மிச்சமில்லாத ஸ்கிராப்புக்

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளின் பள்ளியிலிருந்து போன மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. ‘எங்கள் வீட்டின் அன்றாட நினைவுகள்’ என்ற தலைப்பில் ஒவ்வொரு குழந்தையும் ஒரு ஸ்கிராப்புக் செய்துவர வேண்டும். அது எக்கோ ஃப்ரெண்ட்லியாக இருக்க வேண்டும். குறைந்த பொருட்களில் செய்ய வேண்டும். மூன்றுமே நல்ல விஷயம்தான். வந்த பத்தாவது நிமிடத்தில் பெற்றோர் வாட்ஸப் குழுவில் ஒருவர் லிங்க் போட்டார். இயற்கைக்கு உகந்த ஸ்கிராப்புக் கிட், விலை 1,149 ரூபாய். அடுத்த அரைமணி நேரத்தில் பதினான்கு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். பதினைந்தாவது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே நான் திட்டப்போகிற ஆட்களில் நானும் உண்டு.

இரண்டு நாளில் பெட்டி வந்தது. பழுப்பு அட்டை போட்ட ஆல்பம், சணல் கயிறு, மூங்கில் கிளிப்புகள், காகிதப் பூக்கள், காய்ந்த இலை போலவே அச்சடித்த ஸ்டிக்கர்கள், ஒரு சிறு குப்பியில் செம்பு நிற ஜிகினாத் தூள். ‘பெஸ்ட் டே எவர்’, ‘ஹேப்பி டைம்ஸ்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய வில்லைகள். ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில். எண்ணினேன், 23 உறைகள். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பிறகு பேத்தியிடம் கேட்டாள்:

“இதுல நம்ம வீட்டு சாமான் எது தாயி?”

மகள் பெட்டிக்குள் இன்னொரு முறை தேடிப் பார்த்தாள்.

ஸ்கிராப் என்றால் துண்டு, மிச்சம், வெட்டிப்போட்டது. என் தலைமுறைக்கு அந்தச் சொல் ஆர்குட் வழியாக வந்தது. அங்கே ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டதன் பெயரே ஸ்கிராப்தான். 2014 செப்டம்பரில் அந்தக் கடை மூடப்பட்டது. அசல் ஸ்கிராப்புக்கின் கதை அதைவிடச் சுவாரஸ்யமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் செய்தித்தாள் மலிந்தபோது, படித்து முடித்ததை வெட்டி ஒட்டுவது வீட்டுக்கு வீடு நடந்தது. புது நோட்டு வாங்க மனமில்லாதவர்கள் பழைய கணக்குப் புத்தகங்களின் மேலேயே ஒட்டினார்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து பெரும் பேச்சாளராக வளர்ந்த ஃபிரெடரிக் டக்ளஸின் மகன்கள், தந்தையைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்ததையெல்லாம் ஒட்டிச் சேர்த்தார்கள். ஃபிலடெல்ஃபியாவில் வில்லியம் டார்சி என்ற கறுப்பினத்தவர் ஏறத்தாழ 400 ஸ்கிராப்புக்குகளை உருவாக்கினார். தங்கள் மக்களின் வரலாற்றை வேறு யாரும் எழுதப்போவதில்லை என்று தெரிந்தவர்களின் வேலை அது. அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு கத்தரிக்கோல், கொஞ்சம் பசை, அடுத்தவன் குப்பையில் போடும் ஒரு தாள்.

கடைக்காரர்களும் அப்போதே வந்துவிட்டார்கள். மார்க் ட்வைன் 1873-ல் பசை தடவிய பக்கங்கள் கொண்ட ஸ்கிராப்புக்குக்குக் காப்புரிமை வாங்கினார். நன்றாகவே விற்றது. அவ்வளவு பெரிய எழுத்தாளர் ஒன்றுமே எழுதாத புத்தகத்தை விற்றுக் காசு பார்த்தார் என்பது எனக்குப் பிடித்த நகைச்சுவை. ஆனால் அவர் விற்றது வெற்றுப் பக்கத்தை. அதில் ஒட்டவேண்டியதை நீதான் கொண்டுவர வேண்டும். இன்று விற்பவர்கள் ஒட்டவேண்டியதையும் சேர்த்தே விற்கிறார்கள். என் வீட்டில் உதிராத இலை, என் மகள் பறிக்காத பூ, நாங்கள் வாழாத ஒரு ‘பெஸ்ட் டே’.

பழுப்பு நிறமாக இருந்தால் பசுமை என்று நம்மை யாரோ நம்பவைத்துவிட்டார்கள். ஜிகினாத் தூள் பெரும்பாலும் அலுமினியம் பூசிய பாலியெஸ்டர் படலத்தைப் பொடியாக வெட்டியது. நுண்பிளாஸ்டிக் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் அதன் விற்பனைக்குத் தடை கொண்டுவந்தது. ஸ்டிக்கரை உரித்தபின் கையில் மிஞ்சும் வழவழப்பான தாளில் சிலிக்கோன் பூசியிருக்கும், பழைய பேப்பர்காரருக்கு அது உதவாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. அலங்காரத் தெர்மாகோலுக்கு நாடு முழுக்க 2022 ஜூலையில் தடை வந்தது. சட்டத்தில் பெயர் இல்லாத பொருளைப் பெட்டிக்குள் வைத்து மேலே ஒரு இலைப் படம் போட்டால் வேலை முடிந்தது.

இருந்தாலும் நேர்மையாகச் சொன்னால், ஒரு குழந்தையின் ஆல்பத்தால் கடல் கெட்டுவிடாது. என் படுக்கையறை ஏசி ஒரு கோடைகாலத்தில் செய்வது இதைவிடப் பெரிய பாவம். அந்த 23 உறைகளை மட்டும் காட்டி நான் கட்டுரை எழுதினால் அது போலித்தனம். என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது.

அன்றிரவு அம்மா தன் பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தாள். தினத்தாள் காலண்டரில் கிழித்த தாள்கள், நூலில் கோத்துக் கட்டியவை. எங்கள் ஊர் அருப்புக்கோட்டை. பக்கத்திலேயே சிவகாசி. காலண்டருக்குப் பஞ்சமில்லை, மளிகைக் கடை, நகைக் கடை, உரக் கடை என்று வருடத்துக்கு நாலைந்து வந்துவிடும். அப்பா மில்லுக்குக் கிளம்பும்போது தேதித்தாளைக் கிழித்து அம்மாவிடம் தருவார். முன்பக்கம் நல்ல நேரம், ராகு காலம், ராசிபலன். பின்பக்கம் வெறுமை. அம்மா அதில் பால் கணக்கு எழுதுவாள், மாவு அரைத்த காசு எழுதுவாள். நினைவைச் சேமிக்க வேண்டும் என்றெல்லாம் அவளுக்கு எண்ணம் கிடையாது. தாள் வீணாகக் கூடாது, அவ்வளவுதான். சேர்த்ததில் பெரும்பங்கு வெந்நீர் அடுப்பில் போய்விட்டது. இந்தக் கட்டு பிழைத்ததே, பழைய சேலைகளுக்கு அடியில் மாட்டிக்கொண்டதால்தான்.

“புள்ளைக்கு ஒட்டுறதுக்கு ஆகுமான்னு எடுத்துட்டு வந்தேன்” என்றாள்.

2006-ஆம் ஆண்டுத் தாள்கள். நான் இன்ஜினியரிங் முதலாண்டு சேர்ந்து கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன வருடம். ஒரு தாளின் பின்னால்: ‘பால் அரை லிட்டர். போன் இல்லை.’ அடுத்த நாள்: ‘அரிசி மாவு 12 ரூ. போன் இல்லை.’ அதற்கடுத்த நாளும் போன் இல்லை. கரண்ட் பில் கட்டிய அன்றும் போன் இல்லை. பதினோரு தாள்கள் வரிசையாக. ஒன்றின் முன்பக்கத்தைத் திருப்பினேன். அம்மாவின் ராசிக்கு அன்றைய பலன் ‘மகிழ்ச்சி’ என்று போட்டிருந்தது.

வாரம் தவறாமல் ஒரு ரூபாய் காயின் போனில் வீட்டுக்குப் பேசினேன் என்று பத்தொன்பது வருடமாக நம்பிக்கொண்டிருந்தவன் நான். மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். மகளிடமும் சொல்லியிருக்கிறேன். வரிசையில் நின்றது, பின்னால் நின்றவன் அவசரப்படுத்தியது என்று விவரங்களோடு.

“ஏம்மா, பதினோரு நாளா நான் பேசவே இல்லையா?”

“நீ பரிச்சைக்குப் படிச்சிருப்ப. விடுப்பா.”

என் கோபம் இதுதான். கிட்டில் ‘போன் இல்லை’ என்று ஒரு வில்லை கிடையாது. இருக்கவும் முடியாது. வாங்கிய ஸ்கிராப்புக் எது நினைவு, எது நினைவில்லை என்பதை நாம் உறையைப் பிரிப்பதற்கு முன்பே முடிவுசெய்துவிடுகிறது. பிறந்தநாள் நினைவு, சுற்றுலா நினைவு. ரேஷன் கடை வரிசை நினைவில்லை, காய்ச்சல் நினைவில்லை, வீட்டில் யாரும் யாரோடும் பேசாத செவ்வாய்க்கிழமை நினைவே இல்லை. மிச்சமாகக் கிடைத்த தாளுக்கு நம்மைச் சந்தோஷப்படுத்த வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது. அது சாட்சி சொல்லிவிட்டுப் போகிறது. எட்டு வயதுக் குழந்தையிடம் ‘உன் வீட்டை நினைத்துப் பார்’ என்று சொல்லிவிட்டு, அதற்கு முதல் படியாகக் கடைக்குப் போகக் கற்றுக்கொடுக்கிறோம். குப்பையும் பொய்யும் ஒரே பெட்டியில் வருகின்றன.

என் தொழில்காரர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். “எதுக்கு சார் பேப்பர்? எல்லாம் போன்ல இருக்கே, மரமாவது மிஞ்சும்.” என் போனிலும் கிளவுடிலும் 41,000 படங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எடுத்த நொடி இருக்கும், இடம் இருக்கும். ஏன் எடுத்தேன் என்பது மட்டும் இருக்காது. அதை எழுதத்தான் ஒரு மனிதன் வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை செயலி தானாகவே பாட்டுப் போட்டு ‘நினைவுகள்’ காட்டுகிறது. சிரித்த முகங்களைத்தான் பொறுக்கி எடுக்கிறது. அதுவும் ஒரு கிட்தான். நான்கு வருடம் முன்பு என் ஹார்ட் டிஸ்க் ஒன்று செத்துப்போனது, மூன்று வருடப் படங்களோடு. ஒரு வாரம் துக்கம் இருந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், அதில் என்ன படம் இருந்தது என்றே எனக்கு நினைவில்லை.

இன்னொரு கேள்வி நியாயமானது. என் மனைவியே கேட்டாள். “ஆம்பளைங்க கார் வாங்கினா ஆர்வம், பொம்பளைங்க ஆல்பம் ஒட்டினா வீண் செலவா?” இதற்கு என்னிடம் பாதிப் பதில்தான் உண்டு. வீடுகளில் நினைவைச் சுமக்கிற வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்திருக்கிறார்கள், சம்பளமில்லாமல். அழகாக ஒட்டுவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதைக் கேலி செய்ய எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் அந்தச் சுமையைத்தானே இந்தப் பெட்டிக்காரர்கள் காசாக்குகிறார்கள்? போதுமான அளவு அழகாக நினைக்கவில்லை என்று ஒரு அம்மாவைக் குற்றவுணர்வில் தள்ளியபின் தானே அடுத்த கிட் விற்கும்?

கிட்டை மூடிவைத்துவிட்டு வேறொன்று செய்தோம். போன வருடத்து அறிவியல் நோட்டில் பாதிப் பக்கம் எழுதாமல் கிடந்தது. அவற்றைப் பிரித்து, நடுவில் மூன்று ஓட்டை போட்டு, தையல் நூலால் கட்டினேன். ஒன்றுவிட்டு ஒரு தாளை இரண்டு விரற்கடை மட்டும் விட்டு வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டியபின் புத்தகம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அம்மா மைதாப் பசை காய்ச்சினாள். நான் அவசரத்தில் தண்ணியாகத் தடவி முதல் நான்கு பக்கங்கள் அப்பளம் போல நெளிந்துவிட்டன. பசையைக் கெட்டியாக்கி, ஓரத்தில் மட்டும் தொட்டு ஒட்டினால் போதும், மேலே அகராதியைத் தூக்கி வைத்துவிட வேண்டும். மாவுப் பசைக்கு ராமபாணப் பூச்சி வரும் என்று அம்மா துணியில் வசம்பைக் கட்டி உள்ளே வைத்தாள். செல்லோ டேப் கூடவே கூடாது, சில வருடத்தில் மஞ்சளாகிப் பசை கசிந்து தாளையும் கெடுக்கும். கடை பில்கள் இப்போது வெப்பத்தில் அச்சாகும் தாள், அப்படியே வைத்தால் ஒருநாள் வெள்ளையாகிவிடும். பென்சிலால் பக்கத்தில் படியெடுத்துக்கொள்ள வேண்டும். மகள் பால்கோவா பில்லைப் படியெடுத்தபோது, ஜிஎஸ்டியையும் விடாமல் எழுதினாள்.

உள்ளே போனவை: மாத்திரைக் கடையின் பழுப்புக் கவர், காலை மதியம் இரவு என்று கோடு போட்டது. மின்வாரிய வெள்ளை அட்டை. பல் விழுந்த அன்று எடுத்த காலண்டர் தாள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு வேளச்சேரியில் நான்கு நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் புள்ளி வைத்துக் கட்டம் கட்டி விளையாடிய தாள். மெழுகு சொட்டிய இடம் இன்னும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அதன் கீழே அவள் எழுதியது: ‘அப்பா வேண்டுமென்றே தோற்றார். எனக்குத் தெரியும்.’

இதுவரை நான் சொன்னதெல்லாம் சரி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பதினெட்டாம் பக்கத்தைப் பார்க்கும்வரை. சாப்பாடு ஆர்டர் செய்த பில் ஒன்றை ஒட்டியிருந்தாள். கீழே: ‘அன்னைக்கு அம்மாவும் அப்பாவும் பேசல. அதனால யாரும் சமைக்கல.’

“இதை எடுத்துடு கண்ணு” என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“மிஸ் அன்றாட நினைவுகள்னுதானே சொன்னாங்க?”

மனைவி என்னைப் பார்த்தாள். ஒரு மணி நேரம் முன்புதான் சாட்சி, பொய் என்று நான் கூடத்தில் நின்று பேசியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் இருபது அம்மாக்கள் இதைப் படிப்பார்கள் என்று எனக்குப் பயம். அந்தப் பயத்தை மகளிடம் மறைக்காமல் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். நூலை அவிழ்த்து அந்த ஒரு தாளை மட்டும் உருவி அம்மாவிடம், அதாவது தன் பாட்டியிடம், கொடுத்தாள். “ஸ்கூல்ல இருந்து வந்ததும் திருப்பிக் கோக்கணும்” என்றாள்.

பத்து நாள் கழித்துப் புத்தகம் வந்தது. ‘பி’ கிரேடு. ‘நல்ல முயற்சி, அலங்காரம் போதாது’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். அன்று மாலையே பதினெட்டாம் பக்கத்தைக் கோத்தோம். தையல் நூல் தீர்ந்துபோயிருந்ததால் கிட்டிலிருந்த சணல் கயிற்றில் ஒரு இழையைப் பிரித்து எடுத்தேன். மிச்சக் கயிற்றை அம்மா ஊருக்குப் போகும்போது முருங்கைக்காய் கட்ட எடுத்துக்கொண்டாள். ‘பெஸ்ட் டே எவர்’ வில்லைகள் பரண் மேல் இருக்கின்றன. திருப்பி அனுப்பும் தேதி முடிந்துவிட்டது.