தலைக்கயிறு கற்பிப்பது யாருக்கு?

குதிரையைப் பழக்குவதற்கு எந்தத் தலைக்கயிறு சிறந்தது என்ற கேள்வி, குதிரைப் பண்ணைகளுக்குள் மட்டும் கேட்கப்பட்ட காலம் ஒன்றிருந்தது. இன்று கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பிரித்தானியாவிலும் பிள்ளைகளைக் குதிரையேற்றம் பழக அனுப்பும் தமிழ்ப் பெற்றோரும் அதற்கு விடை தேட வேண்டியிருக்கிறது. கடையில் பத்து வகை தொங்குகின்றன. விற்பனையாளர் ஒன்றைச் சிபாரிசு செய்கிறார். பயிற்சியாளர் வேறொன்றைச் சொல்கிறார். சிறிய விடயமாகத் தோன்றும் இதில் ஒரு விலங்கின் வலியும் ஒரு பிள்ளையின் பாதுகாப்பும் அடங்கியிருக்கின்றன என்பதே இக்கட்டுரையை எழுதக் காரணம்.

முதலில் ஒரு தெளிவு. கடிவாளம் வேறு, தலைக்கயிறு வேறு. கடிவாளத்தில் பெரும்பாலும் வாய்க்குள் செல்லும் இரும்பு உண்டு. 'ஹோல்ட்டர்' எனப்படும் தலைக்கயிற்றில் அது கிடையாது; மூக்கின் மேலும் காதுகளுக்குப் பின்னாலும் மட்டுமே அது படியும். சவாரிக்கு முன்னர் தரையில் நின்றபடியே குதிரையை நடக்கவும் நிற்கவும் பின்வாங்கவும் விலகவும் பழக்குவதைத் தரைப் பயிற்சி என்பர். அப்பயிற்சியில் மனிதனும் குதிரையும் பேசிக்கொள்ளும் வழிகளில் முதன்மையானது இந்தக் கயிறுதான்.

நெடுந்தீவில் குதிரைகள் கட்டாக்காலிகளாகத் திரிந்தபோதும், நம்மவரின் அன்றாட வாழ்வில் பழகிய விலங்கு மாடுதான். மாட்டின் மூக்கைக் குத்தி நாணயக் கயிறு போட்ட சமூகம் நாம். அக்கயிற்றின் வலிமை வலியிலிருந்து வருவது என்பதை வண்டியோட்டிய எவரும் அறிவர். ஆனால் நல்ல வண்டிக்காரன் அக்கயிற்றைச் சதா இழுத்துக்கொண்டிருக்க மாட்டான் என்பதையும் அவர்கள் அறிவர். கயிறு தளர்ந்து கிடக்க, மாடு அவன் குரலுக்கே திரும்பும். குதிரையின் தலைக்கயிறு பற்றி நான் சொல்ல வருவதன் சாரமும் இதுவே.

கடைகளில் கிடைப்பவற்றைப் பெரும்பாலும் இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, அகலமான நைலோன் அல்லது தோல் பட்டியால் ஆனது. இதில் அழுத்தம் பரந்து விழுவதால் குதிரைக்கு அது மென்மையாக இருக்கும். மற்றையது, மெல்லிய கயிற்றில் முடிச்சுக்கள் இட்டுச் செய்யப்படுவது. அதே இழுவிசை குறுகிய இடத்தில் குவிவதால் குதிரை அதனை விரைவில் உணரும்.

இந்த முடிச்சுக் கயிறு உலகெங்கும் பரவியதற்கு அமெரிக்க மேற்கின் பயிற்சி மரபு ஒரு முக்கிய காரணம். ரொம் டொரன்ஸ், ரே ஹன்ட் ஆகியோர் அடித்து அடக்கும் முறையை மறுத்து, குதிரையின் மனத்தை அறிந்து பழக்க வேண்டும் என்று வலியுறுத்தினர். அவர்கள் வழிவந்த பக் பிரனமன், 1998இல் ரொபர்ட் ரெட்ஃபோர்ட் இயக்கிய 'த ஹோர்ஸ் விஸ்பரர்' திரைப்படத்துக்கு ஆலோசகராக இருந்தவர். ஆனால் ஒரு மரபு புகழடையும்போது அதன் கருவி முதலில் விலைபோகிறது. அதன் பொறுமை கடையில் விற்கப்படுவதில்லை. டொரன்ஸின் கை இல்லாமல் கயிறு மட்டும் வீட்டுக்கு வந்து சேர்கிறது.

குதிரை எவ்வாறு கற்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் இதன் பொருள் விளங்கும். கயிற்றை மெல்ல இழுக்கும்போது குதிரை ஓர் அழுத்தத்தை உணர்கிறது. அது ஓரடி முன்வைத்த அதே கணத்தில் கயிறு தளர வேண்டும். அந்தத் தளர்வுதான் பாடம். தான் செய்தது சரி என்பதைக் குதிரைக்குச் சொல்வது அதுவே. இரண்டு விநாடி பிந்தித் தளர்த்தினால், அந்த இடைவெளியில் அது தலையைத் தூக்கியிருக்கலாம். தலையைத் தூக்குவதே சரியென அது கற்றுக்கொள்ளும். தளர்த்தாமலே விட்டால், அழுத்தத்துக்கு மரத்துப்போகப் பழகும். பின்னர் உரிமையாளர், "இது முரட்டுக் குதிரை" என்று சொல்லி இன்னும் மெல்லிய கயிறு வாங்குவார். அதுவும் பயன்படாதபோது மூக்கின் மேல் சங்கிலி ஏறும். தவறு கையில் இருக்க, தண்டனை மூக்குக்குப் போகிறது.

அந்த மூக்கு எத்தகையது என்பதையும் கவனிக்க வேண்டும். குதிரையின் மூக்கெலும்பு கீழ்நோக்கிச் செல்லச் செல்ல மெலிந்து, இறுதியில் குருத்தெலும்பில் முடிகிறது. குதிரை வாயால் மூச்சுவிட இயலாத விலங்கு. மூக்குப்பட்டி தாழ்ந்து கிடந்தால் மென்மையான அப்பகுதியை நெரிப்பதுடன் சுவாசத்தையும் இடர்ப்படுத்தும். முகத்தின் நரம்புகள் கன்னத்தில் தோலுக்குச் சற்றே கீழே ஓடுகின்றன. மயக்கமருந்து கொடுத்துக் கிடத்தப்படும் குதிரையின் தலைக்கயிற்றை மிருக வைத்தியர்கள் கழற்றிவிடுவது, அதன் அழுத்தத்தால் முகம் செயலிழந்துவிடக்கூடும் என்பதற்காகவே. ஆகவே எவ்வகையாயினும், மூக்குப்பட்டி கன்ன எலும்பின் முனைக்கு ஏறத்தாழ இரண்டு விரல் கீழே இருக்க வேண்டும். பட்டிக்கும் மூக்குக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். அளவு பொருந்தாத விலையுயர்ந்த தலைக்கயிற்றைவிட, பொருந்திய மலிவான ஒன்று மேலானது.

முடிச்சுக் கயிற்றில் இன்னுமோர் ஆபத்து உண்டு. அது அறுந்துவிடாது. அதைப் போட்டபடி குதிரையைக் கட்டிவைத்துவிட்டு அகன்றாலோ மேய்ச்சலுக்கு விட்டாலோ, அது மிரண்டு பின்னிழுக்கும்போது விட்டுக்கொடுப்பதற்கு எதுவும் இருக்காது. காதைச் சொறியத் தூக்கிய பின்னங்கால் குளம்பு தொய்ந்த கயிற்றில் மாட்டிக்கொள்வதும் உண்டு. தலைக்கயிறு போட்டே விட வேண்டுமாயின், அவசரத்தில் அறுபடக்கூடிய தோல் பகுதி கொண்டதே உகந்தது. கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கும் பிள்ளை, அதைக் கையில் ஒருபோதும் சுற்றிக்கொள்ளக் கூடாது. ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள விலங்கு பாய்ந்தால் விரல்கள் போய்விடும்.

இவையெல்லாம் புதிய அறிவு என்றும் சொல்வதற்கில்லை. ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன்னர் கிரேக்கத்தின் செனபோன் குதிரையேற்றம் பற்றி எழுதிய நூலில், தலைக்கயிற்றின் முடிச்சை எங்கே இடக்கூடாது என்பதற்கும் இடம் ஒதுக்கினார். குதிரை தீவனத் தொட்டியில் தலையைத் தேய்க்கும். காதருகே முடிச்சிருந்தால் புண்படும். புண்பட்ட குதிரைக்குக் கடிவாளம் இடுவதும் தேய்த்துவிடுவதும் கடினமாகும் என்பது அவரது காரணம். போர்க்குதிரைகளைப் பற்றி எழுதிய படைத்தலைவர் ஒருவர் இவ்வளவு சிறிய புண்ணுக்காகக் கவலைப்பட்டிருக்கிறார்.

முடிச்சுக் கயிற்றை ஆதரிப்போரின் வாதத்தை நான் முற்றாகத் தள்ளவில்லை. அகலப் பட்டியில் குதிரை சாய்ந்து இழுக்கப் பழகிவிடலாம். மெல்லிய கயிறு சிறு சைகையையும் தெளிவாகக் கடத்தும் என்கிறார்கள். தேர்ந்த கைக்கு அது உண்மை. ஆனால் சைகை தெளிவாகக் கடத்தப்படும்போது கையின் பிழையும் அதே தெளிவுடன் கடத்தப்படுகிறது. பழகுகின்ற கையிடம் கூரிய கத்தியைக் கொடுத்துக் காய் நறுக்கக் கற்பிப்பதில்லை அல்லவா?

எனவே என் கருத்து இது. தொடங்குபவர் பொருத்தமான அகலப் பட்டியையும், ஏறத்தாழ 12 அடி நீளமுள்ள மென்மையான கயிற்றையும் வாங்கட்டும். எப்போது தளர்த்துவது என்பதை முதலில் கற்கட்டும். முடிச்சுக் கயிறு அதற்குப் பின்னர், அனுபவமுள்ளவர் அருகிலிருக்க, பயிற்சி நேரத்தில் மட்டும் வரட்டும். பயிற்சி முடிந்ததும் கழற்றப்படட்டும். மாதத்துக்கு மாதம் கடுமையான கருவி தேவைப்படுகிறதென்றால், அங்கே கற்காமல் இருப்பது குதிரை அல்ல. பிள்ளையின் பயிற்சிக்கூடத்தைத் தெரிவுசெய்யும் பெற்றோருக்கும் இதுவே அளவுகோலாகட்டும்: அங்குள்ள குதிரைகளின் தலையில் என்ன மாட்டியிருக்கிறது என்பதோடு, அவற்றை நடத்திச் செல்வோரின் கையில் கயிறு தளர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.