யாருக்கு இந்த எச்சரிக்கை?

இணைச்சட்ட நூலின் 28ஆம் அதிகாரச் சாபங்களை நோயுற்றோர்க்கும் வறியோர்க்கும் வாசித்துக் காட்டி அச்சுறுத்துவோர் உளர். அவர்கள் எரேமியா 34ஆம் அதிகாரத்தையும் வாசிக்கட்டும். பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டபோது, செதேக்கியா அரசரும் தலைவர்களும் மக்களும் கோவிலில் உடன்படிக்கை செய்து, எபிரேய அடிமைகளை விடுவித்தனர். எகிப்தியப் படை புறப்பட்டது அறிந்து பகைவர் பின்வாங்கினர்; அச்சம் நீங்கியது. உடனே, விடுவித்தோரையே மீண்டும் அடிமைகளாக்கினர். ஏழாம் ஆண்டில் அடிமையை விடுவிப்பது ஆண்டவரின் கட்டளை அன்றோ? கீழ்ப்படியாமை என்று இறைவாக்கினர் சாடியது இதனையே. பாபிலோனியர் திரும்பினர், கி.மு. 587ஆம் ஆண்டளவில் நகர் வீழ்ந்தது. நுகத்தைச் சுமத்தியோர்க்கு விடுத்த எச்சரிக்கையை நுகம் சுமப்போர்மீது வீசுவது, திருநூலுக்கே இழைக்கும் அநீதி.