மிஸ்

ஒரு நாளைக்கு எத்தனை தரம் ‘மிஸ்’ எண்டு சொல்றம்? ஏழரை பஸ் மிஸ். லெக்சர் மிஸ். நாலு மிஸ்ட் கோல். படிப்பிச்ச டீச்சரும் மிஸ். வெளிநாடு போன சிநேகிதிக்கு, “உன்னை மிஸ் பண்றம்” எண்டு மெசேஜ் போடுறம்.

டீச்சரைக் கூப்பிடுற மிஸ், ‘மிஸ்ட்ரஸ்’ என்பதன் குறுக்கம். அது வேறு சொல். மற்றதெல்லாம் ஒரே வினைச்சொல்லில் இருந்து வந்தவை. தவறவிடுவதும் அதுதான், ஒருவர் பக்கத்தில் இல்லாத குறையை உணர்வதும் அதுதான். வசதியான சொல். நாங்களும் அதை விடப்போறதில்லை.

ஆனா ‘மிஸ்ஸிங்’ எண்டு வரேக்க அந்த வசதியே பிரச்சினையாகுது. பேனையும் மிஸ்ஸிங், பிள்ளையும் மிஸ்ஸிங். செய்தது யார் என்பதற்கு அந்தச் சொல்லில் இடமில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அலுவலகத்தின் ஆங்கிலப் பெயரிலும் அதே சொல்தான். தமிழில் அது ‘காணாமற்போன ஆட்கள்’ என்றாகிறது, அவையளாவே எங்கயோ போன மாதிரி.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய உறவுகள் சொல்வது ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று. ‘போன’ என்பதை ‘ஆக்கப்பட்ட’ என்று மாற்றினால், ஆக்கினது ஆர் எண்ட கேள்வி உடனே வருது. அந்தக் கேள்விக்குத்தான் அவர்கள் இன்னும் பதில் கேட்கிறார்கள்.

பஸ் மிஸ் ஆகட்டும். அசைன்மென்டிலயோ போஸ்டிலயோ இந்த மனிசரைப் பற்றி எழுதேக்க, அந்த அம்மாமார் சொல்ற சொல்லையே நாங்களும் எழுதுவம்.