மோட்டார்சைக்கிளையும் விளக்கு உணரட்டும்



பின்னிரவில் வேலை முடிந்து திரும்பும் மோட்டார்சைக்கிளோட்டிகள், கிளைச்சாலை விளக்கடியில் பின்னால் ஒரு கார் வரும்வரை சிவப்பிலேயே காத்துக் கிடக்கிறார்கள். சாலைக்கடியில் பதித்த கம்பிச் சுருள், மேலே நிற்கும் உலோகத்தால் தன் மின்தூண்டல் மாறுவதைக் கொண்டே வாகனத்தை அறிகிறது. காரின் அகன்ற அடிப்பாகம் எளிதில் சிக்கிவிடும். சுருளின் நடுவில் நிற்கும் மோட்டார்சைக்கிள் பலசமயம் சிக்குவதில்லை. (வண்டிக்கடியில் காந்தம் ஒட்டுவது வீண்.) சுருளைப் பதித்த இடத்தில் தாரில் தெரியும் வெட்டுக்கோட்டின் மேல் சக்கரங்களை நிறுத்தினால் பலன் உண்டு. மறுபடி தார் போட்டால் அந்தக் கோடும் மறைந்துபோகிறது.

கலிஃபோர்னியா 2007-லேயே, புதிதாகப் பொருத்தும் உணர்கருவிகள் மோட்டார்சைக்கிளையும் சைக்கிளையும் அறியவேண்டும் எனச் சட்டம் கொண்டுவந்தது. சாலை அதிகாரிகளே, சிங்கப்பூரிலும் சுருள்களின் உணர்திறனைச் சரிபார்த்து, நிற்கவேண்டிய இடத்தை வெள்ளைக் குறியிட்டுக் காட்டுங்கள். சட்டத்தை மதித்து நிற்பவரைச் சிவப்பை மீறும் நிலைக்குத் தள்ளாதீர்கள்.

வாசகர், ஈசூன்