தாத்தாவின் ஒற்றைக்குழல்

சின்ன வயதில், தோட்டத்து வீட்டுத் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுத் துடைப்பது என் வேலை. காட்டுப்பன்றி விரட்டத் தாத்தா வாங்கியது. அவருக்குப் பின் அப்பா பெயரில் லைசென்ஸ். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பார். முடிந்ததும், ஊருக்குப் போன பிள்ளையைக் கூட்டி வருவதுபோலக் கொண்டுவருவார்.

அவருக்கு இப்போது 74. தம்பி வேண்டாமென்றுவிட்டான். "நீ எடுத்துக்கோம்மா" என்கிறார். 2016 ஆயுத விதிகளில் இடமிருக்கிறது: லைசென்ஸ்தாரருக்கு 70 வயதானாலோ, 25 வருடம் வைத்திருந்தாலோ, அவர் இருக்கும்போதே வாரிசு விண்ணப்பிக்கலாம். மகளும் வாரிசுதானே!

ஆனால், சென்னை ஃப்ளாட்டில் பன்றி ஏது? 8 வயது மகன்தான் இருக்கிறான். எந்தப் பூட்டையும் திறந்துவிடுகிறவன்.

இன்னும் பதில் சொல்லவில்லை. போன வாரம் ஊருக்குப் போனபோது அப்பா எண்ணெய்த் துணியை நீட்டினார். துடைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.