பயிற்சி என்னும் பெயரிற் பறிபோகும் உரிமை

1970களின் தரப்படுத்தல் பொறியியற் கல்வியின் வாயிலை எம்மவர்க்கு ஒடுக்கிற்று. இன்றோ கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. மின்னணுக் கருவி அமைப்போரும் மென்பொருள் எழுதுவோரும் அங்கே உருவாகின்றனர். ஆனால், கற்று வெளியேறுவோருக்குப் பல இடங்களிற் காத்திருப்பது யாது?

“பயிலுநர்” என்னும் பட்டம்! செய்வது பொறியியலாளரின் முழு வேலை. கிடைப்பது சிறு கொடுப்பனவு. நியமனக் கடிதமில்லை, சேமலாப நிதியில்லை. கேட்டால், “நீர் இன்னும் ஊழியரல்லர்” என்பர்.

சட்டம் அவ்வாறு கூறவில்லை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், ஊதியம் பெறும் பயிலுநரையும் ஊழியரென்றே கொள்கின்றது. ஊழியர் நூற்றுக்கு 8, முதலாளி நூற்றுக்கு 12 செலுத்துதல் வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி, நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மேலும் நூற்றுக்கு 3 செலுத்துதல் வேண்டும்.

“ஊருக்கு வேலை கொடுக்கின்றோமே” என்பார் சிலர். கொடுப்பவர் தமிழராயினும் வஞ்சனை வஞ்சனையே!

இளைஞரே, யுவதிகளே! நியமனத்தை எழுத்திற் கேளுங்கள். பயிற்சி முடியும் திகதியையும் அதன் பின்னரான சம்பளத்தையும் குறிப்பிடச் சொல்லுங்கள். இடையில் விலகினாற் பணங்கட்ட வேண்டுமெனும் பிணைமுறியை வாசித்து விளங்காது ஒப்பமிடாதீர்கள். சம்பளச் சீட்டுக்களைப் பேணுங்கள். மறுக்கப்பட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடுங்கள். தனித்துச் செல்ல அஞ்சினால் நால்வராய்ச் செல்லுங்கள்.

பட்டம் பெற்றவரே தம் உரிமையைக் கேட்க நடுங்கினால், கடையிலும் ஆலையிலும் உழைப்பவர் யாரை நோக்குவர்?